பற்றாக்குறையில் கண்டெடுத்த துகள்

மின்னூட்டமற்ற, மிக இலேசான அடிப்படைத் துகளான நியூட்ரினோவின் வரலாற்றை நான் எப்போதும் பற்றாக்குறைகளின் வரலாறாகவே படித்து வந்திருக்கிறேன். வேறு பல துகள்கள் தாங்கள் விட்டுச் சென்ற தடயத்தால் அறியப்பட்டன. துகள்களின் பாதையை ஆவியில் காட்டும் மேகக்கூடத்தில் ஒரு கோடு தெரிந்தது, அல்லது ஒளிப்படத் தகட்டில் ஒரு கீற்று விழுந்தது, விளக்கம் பின்னால் வந்தது. நியூட்ரினோவில் அப்படி நடக்கவில்லை. இருந்தாக வேண்டிய அளவுக்கு ஏதோ ஒன்று இல்லை என்பதே ஒவ்வொரு முறையும் முதல் செய்தியாக இருந்தது. முதலில் ஆற்றல் குறைந்தது. பிறகு சூரியனிலிருந்து வர வேண்டிய நியூட்ரினோக்களின் எண்ணிக்கை குறைந்தது. அதன்பின் பூமியின் வளிமண்டலத்தில் பிறந்தவற்றின் எண்ணிக்கையும் குறைந்தது. இந்தக் குறைவுகளைக் கருவியின் கோளாறு என்று ஒதுக்கிவிடாமல், பல பத்தாண்டுகள் பொறுமையோடு மீண்டும் மீண்டும் அளந்து பார்த்தவர்களால்தான் இத்துகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவை தெரியவந்தன. அந்த அளவீடுகளைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

சில அணுக்கருக்கள் ஓர் எலக்ட்ரானை வெளியேற்றிவிட்டு வேறொரு தனிமத்தின் அணுக்கருவாக மாறுகின்றன. இதைப் பீட்டா சிதைவு என்கிறோம். சிதைவுக்கு முன்பும் பின்பும் அணுக்கருவின் நிறை திட்டமானது என்பதால், அந்த நிறை வேறுபாட்டுக்கு ஈடான ஆற்றலுடன்தான் எலக்ட்ரான் வெளியே வர வேண்டும். அதாவது ஒரே வகை அணுக்கருக்களிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் எல்லாம் ஒரே ஆற்றலைக் கொண்டிருக்க வேண்டும். ஆல்ஃபா சிதைவில் ஆல்ஃபா துகள்கள் அப்படித்தான் குறிப்பிட்ட ஆற்றல்களில் வருகின்றன. ஆனால் 1914-ஆம் ஆண்டில் பெர்லினில் ஜேம்ஸ் சாட்விக் அளந்தபோது, பீட்டா எலக்ட்ரான்கள் மிகச் சிறிய அளவிலிருந்து ஓர் உச்ச அளவு வரை இடைவெளியின்றி எல்லா ஆற்றல்களிலும் வந்துகொண்டிருந்தன.

எலக்ட்ரான்கள் ஒரே ஆற்றலோடுதான் புறப்படுகின்றன, வெளியே வரும் வழியில் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துவிடுகின்றன என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்லப்பட்டது. அது உண்மையென்றால், இழந்த ஆற்றல் அக்கம்பக்கத்தில் வெப்பமாகத் தங்கியிருக்க வேண்டும். கேம்பிரிட்ஜில் சார்லஸ் எல்லிஸும் வில்லியம் வூஸ்டரும் 1927-இல் பிஸ்மத்-210 மாதிரியை எடுத்து, எலக்ட்ரான்கள் தப்ப முடியாத அளவு தடித்த உலோகத்துக்குள் வைத்து, அதில் எழுந்த வெப்பத்தை அளந்தார்கள். வழியில் ஏற்படும் இழப்புதான் காரணம் என்றால், ஒரு சிதைவுக்கு உச்ச அளவான 1.05 மெகா எலக்ட்ரான் வோல்ட் (அணு நிகழ்வுகளின் ஆற்றலை அளக்கும் அலகு) கிடைத்திருக்க வேண்டும். கிடைத்தது அதில் மூன்றில் ஒரு பங்குதான். லீஸ் மெய்ட்னர் இந்த முடிவை நம்பாமல் பெர்லினில் தாமே சோதனையை மீண்டும் செய்து பார்த்தார். அவருக்கும் அதே விடைதான் கிடைத்தது. எஞ்சிய ஆற்றல் வெப்பமாகவும் இல்லை, காமா கதிராகவும் இல்லை. தனித்தனி அணு நிகழ்வுகளில் ஆற்றல் அழிவின்மை விதி பொருந்தாமல் போகலாம், பல நிகழ்வுகளின் சராசரியில் மட்டுமே அது உண்மையாக இருக்கலாம் என்று நீல்ஸ் போர் போன்ற ஒருவரே சொல்லும் நிலைக்கு இது கொண்டுபோய் விட்டது.

விதியைக் கைவிட வோல்ஃப்காங் பவுலி விரும்பவில்லை. 1930 டிசம்பர் 4 அன்று, டூபிங்கன் நகரில் கூடியிருந்த கதிரியக்க ஆய்வாளர்களுக்கு அவர் சூரிக்கிலிருந்து ஒரு கடிதம் எழுதினார். எலக்ட்ரானோடு சேர்ந்து, மின்னூட்டம் இல்லாத, மிக இலேசான இன்னொரு துகளும் (பின்னாளில் நியூட்ரினோ எனப்பட்டது) வெளியேறுகிறது என்றும், ஆற்றலை இரண்டும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விகிதத்தில் பங்கிட்டுக்கொள்கின்றன என்றும் அதில் கூறினார். வேறு வழியில்லாமல் சொல்லும் யோசனை இது என்பதை அவர் மறைக்கவில்லை. புதிய துகளைக் கற்பனை செய்வதை அக்காலத்தில் எவரும் அவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எலக்ட்ரானும் புரோட்டானும் மட்டுமே பொருளின் அடிப்படைத் துகள்களாக அறியப்பட்டிருந்த காலம் அது. என்ரிக்கோ ஃபெர்மி 1933-ஆம் ஆண்டின் இறுதியில் இந்த யோசனைக்கு ஒரு முழுமையான கோட்பாட்டை அமைத்தார். எலக்ட்ரானும் நியூட்ரினோவும் அணுக்கருவுக்குள் முன்கூட்டியே இருப்பவை அல்ல, நியூட்ரான் ஒன்று புரோட்டானாக மாறும் அந்தக் கணத்தில் பிறப்பவை என்பதே அதன் மையக் கருத்து. பீட்டா எலக்ட்ரான்களின் ஆற்றல் பரவல் எந்த வடிவில் அமையும் என்பதையும் அது கணித்துக் கொடுத்தது.

கோட்பாடு கிடைத்ததும் அடுத்த கேள்விக்கு விடை காண முடிந்தது. விடைதான் நம்பிக்கை தருவதாக இல்லை. ஹான்ஸ் பெத்தேயும் ருடால்ஃப் பையர்ல்சும் 1934-இல் கணக்கிட்டுப் பார்த்தபோது, இத்தகைய ஆற்றலுள்ள ஒரு நியூட்ரினோவைத் தடுத்து நிறுத்தப் பல ஒளியாண்டு தடிமனுள்ள திடப்பொருள் வேண்டும் என்று தெரிந்தது. இதை நேரடியாகக் காண முடியாது என்று அவர்கள் முடிவு செய்ததில் வியப்பில்லை. கணக்கில் பிழையும் இல்லை. ஒரு நியூட்ரினோவைக் கொண்டு பார்த்தால் அந்த முடிவு இன்றும் சரியானதே. ஆனால் ஒரு சதுர செண்டிமீட்டர் பரப்பில் நொடிக்குப் பத்து லட்சம் கோடி நியூட்ரினோக்களைப் பாய்ச்சும் ஒரு மூலம் மனிதர் கையில் இருக்கும் என்பதை 1934-இல் யாராலும் எதிர்பார்த்திருக்க முடியாது. அணு உலை அந்த மூலமாக அமைந்தது.

அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பணியாற்றிய பிரெடெரிக் ரைனசும் கிளைட் கோவனும் முதலில் அணுகுண்டு வெடிப்பையே மூலமாகக் கொள்ளத் திட்டமிட்டார்கள். பிறகு அணு உலையே போதும் என்று அவர்களுக்குப் புலப்பட்டது. காரணம், தாங்கள் தேடும் நிகழ்வு ஒன்றல்ல, இரண்டு அடையாளங்களை விட்டுச் செல்லும் என்பதை அவர்கள் கண்டுகொண்டதே. உலையிலிருந்து வரும் எதிர் நியூட்ரினோ, அதாவது நியூட்ரினோவின் எதிர்த்துகள், நீரில் உள்ள ஒரு புரோட்டானைத் தாக்கினால், அது நியூட்ரானாக மாறி, கூடவே எலக்ட்ரானின் எதிர்த்துகளான ஒரு பாசிட்ரானும் பிறக்கும். பாசிட்ரான் உடனே அருகிலுள்ள எலக்ட்ரானோடு சேர்ந்து அழிந்து, தலா 0.511 மெகா எலக்ட்ரான் வோல்ட் கொண்ட இரண்டு காமா கதிர்களை எதிரெதிர்த் திசைகளில் அனுப்பும். நியூட்ரானோ நீருக்குள் அங்குமிங்கும் மோதி வேகம் குறைந்து, சில மைக்ரோ நொடிகள் கழித்து, நீரில் கரைத்து வைத்திருக்கும் காட்மியத்தின் அணுக்கருவால் விழுங்கப்படும். அப்போது இன்னொரு காமா வீச்சு எழும். முதல் மின்னல், சிறு இடைவெளி, இரண்டாம் மின்னல் என்ற இந்த வரிசை வேறு எந்த நிகழ்விலும் அவ்வளவு எளிதில் அமையாது. தென் கரோலினாவில் உள்ள சவானா ரிவர் உலையின் அருகே, நிலத்துக்கு அடியில், உலை மையத்திலிருந்து சுமார் 11 மீட்டர் தொலைவில், 200 லிட்டர் நீர்த்தொட்டிகள் இரண்டை காமா கதிர் பட்டால் ஒளிரும் திரவம் நிரப்பிய ஒளிர்திரவத் தொட்டிகள் மூன்றின் இடையே அடுக்கி அவர்கள் காத்திருந்தார்கள். மணிக்குச் சுமார் மூன்று நிகழ்வுகள் கிடைத்தன.

நான் மிகவும் மதிப்பது, அந்த மூன்று நிகழ்வுகளை அவர்கள் சந்தேகித்த விதத்தை. உலையை நிறுத்தியபோது எண்ணிக்கை குறைகிறதா என்று பார்த்தார்கள், குறைந்தது. சாதாரண நீரில் ஒரு பகுதியை நீக்கிவிட்டுக் கனநீரை (கனமான ஹைட்ரஜன் கொண்ட நீரை) கலந்தால், தாக்கப்படும் புரோட்டான்கள் குறைந்து நிகழ்வுகளும் அதற்கேற்பக் குறைய வேண்டும், அதுவும் குறைந்தது. உலையிலிருந்து கசியும் நியூட்ரான்கள்தான் இந்தப் பதிவுகளை உண்டாக்குகின்றனவோ என்ற ஐயத்தைத் தீர்க்க, நீரில் ஊறவைத்த மரத்தூள் மூட்டைகளைச் சுற்றிலும் அடுக்கினார்கள். நியூட்ரான்கள் காரணமாக இருந்திருந்தால் எண்ணிக்கை சரிந்திருக்கும். அது சரியவில்லை. இத்தனைக்கும் பிறகே, 1956 ஜூன் 14 அன்று பவுலிக்குத் தந்தி அனுப்பினார்கள். கடிதத்துக்கும் தந்திக்கும் இடையே இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன. கோவன் 1974-இல் காலமானார். ரைனசுக்கு நோபல் பரிசு 1995-இல்தான் வந்தது. பரிசின் விதிப்படி மறைந்தவருக்கு அதில் இடமில்லை. இருவர் சேர்ந்து செய்த இந்தப் பணியை ஒருவர் பெயரில் மட்டும் குறிப்பிடும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை.

1962-இல் லியான் லெடர்மேன், மெல்வின் சுவார்ட்ஸ், ஜாக் ஸ்டைன்பெர்கர் ஆகியோர் புரூக்ஹேவன் ஆய்வகத்தில், எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான துகளான மியூவானோடு இணைந்து பிறக்கும் நியூட்ரினோ வேறு வகை என்பதை நிறுவினார்கள். மூன்றாவது வகையான டாவ் நியூட்ரினோ 2000-ஆம் ஆண்டில் ஃபெர்மி ஆய்வகத்தில் பதிவானது. இந்த வகைப் பிரிவு அப்போதைக்கு ஒரு பட்டியலாகவே தோன்றியது. அது இல்லாமல் இரண்டாவது பற்றாக்குறை தீர்ந்திருக்காது.

அந்த இரண்டாவது பற்றாக்குறைதான், என் மதிப்பீட்டில், இருபதாம் நூற்றாண்டு இயற்பியலின் மிகச் சிறந்த சோதனை ஒன்றின் பலன். சூரியனின் மையத்தில் ஹைட்ரஜன் ஹீலியமாக இணைவதால்தான் அது ஒளிர்கிறது என்பது 1930-களின் இறுதியிலேயே கோட்பாடாக ஏற்கப்பட்டுவிட்டது. ஆனால் அந்த மையத்தை யாரும் பார்த்ததில்லை. அங்கே உருவாகும் ஒளி, அடர்ந்த வாயுவில் மோதி மோதி மேற்பரப்பை அடைய பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. நியூட்ரினோ இரண்டு நொடிகளில் சூரியனை விட்டு வெளியேறி, எட்டு நிமிடங்கள் சொச்சத்தில் பூமியைக் கடந்து சென்றுவிடுகிறது. நம் உடலின் ஒவ்வொரு சதுர செண்டிமீட்டரையும் நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி சூரிய நியூட்ரினோக்கள் ஊடுருவுகின்றன. அவற்றை எண்ண முடிந்தால், சூரியனின் உலை இப்போது எப்படி எரிகிறது என்பதை நேரடியாக அறியலாம். குளோரின்-37 அணுக்கரு நியூட்ரினோவை ஏற்று ஆர்கான்-37 ஆக மாறும் வினையை இதற்குப் பயன்படுத்தலாம் என்று இயற்பியலாளர் புரூனோ பொன்டெகோர்வோ 1946-இலேயே எழுதியிருந்தார். அமெரிக்க வேதியியலாளர் ரேமண்ட் டேவிஸ் அதைச் செய்து காட்டினார்.

தெற்கு டகோட்டாவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில், அண்டக் கதிர்கள் எளிதில் எட்டாத ஏறத்தாழ 1,480 மீட்டர் ஆழத்தில், சுமார் 3,80,000 லிட்டர் பெர்குளோரோஎத்திலீன் நிரப்பிய ஒரு தொட்டியை அவர் நிறுவினார். துணிகளை உலர்சலவை செய்யப் பயன்படும் அதே திரவம்தான் இது. குளோரின் நிறைந்தது, மலிவானது. அந்தத் தொட்டிக்குள் இருந்த குளோரின்-37 அணுக்களின் எண்ணிக்கையை எழுதினால் இரண்டுக்குப் பின் முப்பது சுழியங்கள் வரும். அத்தனையிலும் ஓர் அணு ஆர்கானாக மாறுவது சராசரியாக இரண்டு நாள்களுக்கு ஒரு முறைதான். சில வாரங்கள் காத்திருந்த பிறகு, தொட்டி முழுவதும் ஹீலியம் வாயுவைக் குமிழிகளாகச் செலுத்தி, அதனோடு ஆர்கானையும் வெளியே இழுப்பார்கள். வாயுவோடு வரும் திரவ ஆவியைக் குளிரவைத்து நீக்கிவிட்டு, திரவ நைட்ரஜனால் குளிரூட்டிய கரியின் வழியே செலுத்தினால் ஆர்கான் கரியில் ஒட்டிக்கொள்ளும், ஹீலியம் கடந்து போகும். பிறகு கரியைச் சூடேற்றி ஆர்கானைப் பிரித்துத் தூய்மைப்படுத்தி, ஒரு கன செண்டிமீட்டருக்கும் குறைந்த கொள்ளளவுள்ள ஒரு சிறிய எண்ணும் குழாயில் அடைப்பார்கள். ஆர்கான்-37-இன் அரை ஆயுட்காலம் 35 நாள்கள் என்பதால், அந்தக் குழாயைப் பல மாதங்கள் கவனித்து, சிதைவுகள் அந்தக் காலக்கணக்கின்படியே குறைந்து வருகின்றனவா என்று சரிபார்ப்பார்கள். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் சிதையாத ஆர்கான் ஐசோடோப்பு ஒன்றைத் தெரிந்த அளவில் தொட்டியில் சேர்த்து, முடிவில் அதில் எத்தனை பங்கு திரும்பக் கிடைத்தது என்றும் அளந்தார்கள். ஏறத்தாழ முழுவதும் திரும்பி வந்தது. ஆர்கான் தொட்டியிலேயே தங்கிவிடுகிறது என்று சொல்ல வழியில்லை.

1968-இல் முதல் முடிவு வந்தபோது, சூரியனின் உள்ளியக்கத்தைக் கணக்கிட்டு வந்த வானியற்பியலாளர் ஜான் பாகால் கணித்த அளவில் பாதியைக்கூட அது எட்டவில்லை. பிந்தைய ஆண்டுகளில் அளவீடு கூர்மையடைந்து, கணிப்பில் மூன்றில் ஒரு பங்கு என்ற இடத்தில் நிலைத்தது. டேவிஸ் எங்கோ தவறுகிறார் என்று துகள் இயற்பியலாளர்களும், பாகாலின் சூரிய மாதிரி தவறு என்று வேறு சிலரும் கருதினார்கள். இரண்டாவது ஐயத்துக்கு வலுவான அடிப்படை இருந்தது. குளோரின் தொட்டி பெரும்பாலும் காண்பது போரான்-8 சிதைவில் பிறக்கும் உயர் ஆற்றல் நியூட்ரினோக்களை. அவற்றின் அளவு சூரிய மையத்தின் வெப்பநிலையில் ஏறத்தாழ இருபத்தைந்தாம் அடுக்குக்கு ஏற்ப மாறும். ஆகவே வெப்பநிலையைச் சில விழுக்காடு குறைவாக எடுத்துக்கொண்டாலே முரண்பாடு மறைந்துவிடும். தொடர்பில்லாத இரண்டு துறைகளைச் சேர்ந்த இருவர், ஒருவர் எண்ணை மற்றவர் ஐயப்பட எல்லாக் காரணமும் இருந்தும், முப்பது ஆண்டுகளுக்கு மேல் தத்தம் கணக்கைத் திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டே நண்பர்களாக இருந்தார்கள் என்பது எனக்கு எப்போதும் நிறைவு தரும் செய்தி.

வெப்பநிலை விளக்கம் நிற்கவில்லை என்பதைக் காட்டியது காலியம். ரஷ்யாவின் பாக்சானிலும் இத்தாலியின் கிரான் சாசோவிலும் 1990-களில் நடந்த சோதனைகளில், காலியம்-71 நியூட்ரினோவை ஏற்று ஜெர்மேனியம்-71 ஆக மாறுவதை எண்ணினார்கள். காலியத்தால் இரண்டு புரோட்டான்கள் இணையும் முதல் வினையிலேயே பிறக்கும் குறைந்த ஆற்றல் நியூட்ரினோக்களையும் காண முடியும். அவற்றின் எண்ணிக்கையைச் சூரியனின் ஒளியே தீர்மானிக்கிறது; சூரியன் இவ்வளவு ஒளிர்கிறது என்றால் இத்தனை இணைவுகள் நடந்தாக வேண்டும், இத்தனை நியூட்ரினோக்கள் பிறந்தாக வேண்டும். அதிலும் பாதியைச் சற்றே தாண்டிய அளவுதான் கிடைத்தது. சூரியனின் அதிர்வுகளைக் கொண்டு அதன் உட்பகுதியை ஆராய்ந்தவர்களின் அளவீடுகளும் பாகாலின் மாதிரியோடு மிக நெருக்கமாகப் பொருந்தின. சூரியனில் குற்றம் இல்லையென்றால், குற்றம் வழியில்தான் இருக்க வேண்டும்.

கேள்வியை முற்றிலும் வேறு விதமாகக் கேட்டது கனடாவின் சட்பரி சோதனை. இரண்டு கிலோமீட்டர் ஆழமுள்ள ஒரு நிக்கல் சுரங்கத்தில், 12 மீட்டர் விட்டமுள்ள அக்ரிலிக் கோளத்துக்குள் ஆயிரம் டன் கனநீரை நிரப்பினார்கள். இதை முதலில் முன்மொழிந்த ஹெர்பர்ட் சென் 1987-இல் இளம் வயதிலேயே இறந்துவிட்டார். ஆர்தர் மெக்டொனால்ட் தலைமையில் பணி தொடர்ந்தது. கனநீரில் உள்ள டியூட்ரானை (ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த அணுக்கருவை) நியூட்ரினோ இரு விதமாகத் தாக்கலாம். ஒரு வினையில் டியூட்ரான் இரண்டு புரோட்டான்களாகவும் ஓர் எலக்ட்ரானாகவும் மாறும். இதை எலக்ட்ரான் நியூட்ரினோவால் மட்டுமே செய்ய முடியும். இன்னொரு வினையில் டியூட்ரான் ஒரு புரோட்டானாகவும் ஒரு நியூட்ரானாகவும் உடையும். இதை மூன்று வகையும் சமமாகச் செய்யும். ஆக, ஒரே தொட்டியில் எலக்ட்ரான் வகையை மட்டும் தனியாகவும், எல்லா வகைகளையும் சேர்த்தும் எண்ண முடிந்தது. 2002 ஏப்ரலில் விடை வெளியானது. சட்பரி காணக்கூடிய போரான்-8 நியூட்ரினோக்களில், எலக்ட்ரான் நியூட்ரினோக்கள் சதுர செண்டிமீட்டருக்கு நொடிக்குச் சுமார் 17.6 லட்சம். எல்லா வகைகளும் சேர்ந்து சுமார் 50.9 லட்சம். பாகாலின் மாதிரி சொன்னது 50.5 லட்சம். டேவிசும் சரி, பாகாலும் சரி. சூரியனில் எலக்ட்ரான் நியூட்ரினோவாகப் பிறந்த இந்த உயர் ஆற்றல் நியூட்ரினோக்களில் மூன்றில் இரண்டு பங்கு, பூமியை அடையும் முன் வேறு வகையாக மாறியிருந்தன.

இவ்வாறு மாறுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எலக்ட்ரான், மியூவான், டாவ் என்ற மூன்று வகைகளும் திட்டமான நிறை கொண்டவை அல்ல. ஒவ்வொன்றும் மூன்று நிறை நிலைகளின் கலவை. நிறை வேறுபட்டால் அந்த நிலைகளின் குவாண்டம் அலைகள் பயணத்தில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் விலகும். எலக்ட்ரான் வகைக்குரிய கலவையாகப் புறப்பட்டது, தொலைவு செல்லச் செல்ல வேறொரு கலவையாகிவிடும். சூரியனின் உயர் ஆற்றல் நியூட்ரினோக்களில், சூரியனுக்குள் அடர்ந்திருக்கும் எலக்ட்ரான்களும் இந்த மாற்றத்தைத் திசை திருப்புகின்றன. மூன்று நிறைகளும் சுழியமாக இருந்தால் விலகலுக்கே இடமில்லை. ஆகவே வகை மாற்றம் நடக்கிறது என்று காட்டினாலே, நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்று காட்டியதாகிவிடும். துகள் இயற்பியலின் அடிப்படைக் கோட்பாடான ஸ்டாண்டர்ட் மாடல் அதற்கு நிறை இல்லை என்றே எடுத்துக்கொண்டிருந்தது.

சட்பரிக்கு நான்கு ஆண்டுகள் முன்பே, மூன்றாவது பற்றாக்குறையிலிருந்து இதற்குச் சான்று கிடைத்திருந்தது. அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தைத் தாக்கும்போது பிறக்கும் நியூட்ரினோக்களை 1965-இலேயே இரண்டு தங்கச் சுரங்கங்களில் பதிவு செய்திருந்தார்கள். கோலார் சுரங்கத்தில் இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் ஆய்வாளர்களின் குழுவும், தென்னாப்பிரிக்காவில் ரைனசின் குழுவும் அதைச் செய்தன. அவற்றை ஆயிரக்கணக்கில் எண்ணும் வாய்ப்பு, ஜப்பானில் 1996-இல் இயங்கத் தொடங்கிய சூப்பர் கமியோகாண்டேவில் அமைந்தது. மலைக்கு அடியில் 50,000 டன் தூய நீர், அதைச் சூழ்ந்து 11,000-க்கும் மேற்பட்ட ஒளிப்பெருக்கிக் குழாய்கள், ஒவ்வொன்றும் அரை மீட்டர் விட்டம். மேலிருந்து வரும் நியூட்ரினோ சில பத்துக் கிலோமீட்டர்களே பயணித்து வருகிறது. கீழிருந்து வருவது பூமியின் மறுபுறத்தில் பிறந்து ஏறத்தாழ 13,000 கிலோமீட்டர் கடந்து வருகிறது. அண்டக் கதிர்கள் எல்லாப் பக்கமும் சமமாகப் பொழிவதால் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். மியூவான் நியூட்ரினோக்களில் கீழிருந்து வந்தவை பாதிதான். இதை 1998-இல் தக்காக்கி கஜிட்டா அறிவித்தார். அவரும் மெக்டொனால்டும் 2015-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

சூப்பர் கமியோகாண்டேவுக்கு முன்னோடியான கமியோகாண்டே, நியூட்ரினோவுக்காகக் கட்டப்பட்டதே அல்ல. புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்கவே மசதோஷி கோஷிபா அதை அமைத்தார். பிறகு சூரிய நியூட்ரினோக்களைக் காணும்படி அதை மேம்படுத்தி முடித்த சில வாரங்களில், 1987 பிப்ரவரி 23 அன்று, நம் அண்டை விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லானிக் மேகத்தில் ஒரு விண்மீன் வெடித்த செய்தி வந்தது. கமியோகாண்டே 13 நொடிகளுக்குள் 11 நியூட்ரினோக்களையும், அமெரிக்காவில் ஓர் உப்புச் சுரங்கத்தில் இருந்த கருவி 8-ஐயும், பாக்சான் கருவி 5-ஐயும் பதிவு செய்தன. வெடிப்பின் ஒளி கண்ணில் படுவதற்குச் சில மணி நேரம் முன்பே இவை வந்து சேர்ந்துவிட்டன. சரியும் விண்மீன் மையம் தன் ஆற்றலில் 99 விழுக்காட்டை நியூட்ரினோக்களாக வெளியேற்றும் என்ற கோட்பாடு, இந்த இருபத்து நான்கு பதிவுகளால் உறுதியானது. இவ்வளவு குறைந்த பதிவுகளிலிருந்து இவ்வளவு அறிந்துகொண்ட வேறொரு நிகழ்வு வானியலில் எனக்குத் தெரிந்து இல்லை.

நியூட்ரினோவால் வானத்தைப் பார்க்கும் துறை அங்கிருந்து வளர்ந்தது. தென் துருவத்தில் பனிக்கட்டிக்குள் 1,450 முதல் 2,450 மீட்டர் ஆழம் வரை 86 வடங்களில் 5,160 ஒளியுணரிகளைத் தொங்கவிட்டு, ஒரு கன கிலோமீட்டர் பனியையே கருவியாக மாற்றிய ஐஸ்கியூப், 2013-இல் நம் விண்மீன் மண்டலத்துக்கு அப்பாலிருந்து வரும் உயர் ஆற்றல் நியூட்ரினோக்கள் இருப்பதை அறிவித்தது. 2017 செப்டம்பர் 22 அன்று பதிவான ஒன்றின் திசையில், பல நூறு கோடி ஒளியாண்டு தொலைவில், கருந்துளையால் இயங்கும் ஒரு பிளேசார் (மிகப் பிரகாசமான விண்மீன் மண்டல மையம்) அப்போது கொந்தளித்துக்கொண்டிருந்தது. 2007 முதல் கிரான் சாசோவின் போரெக்சினோ கருவி சூரியனின் முக்கிய வினைகளில் பிறக்கும் நியூட்ரினோக்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டியது. 2020-இல், கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றின் துணையோடு ஹைட்ரஜன் ஹீலியமாகும் சுழற்சியின் நியூட்ரினோக்களையும் அது கண்டறிந்தது.

நிறை உண்டு என்பது தெரிந்துவிட்டது. எவ்வளவு என்பது தெரியவில்லை. வகை மாற்றம் நிறைகளின் வர்க்க வேறுபாட்டை மட்டுமே தரும். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில் உள்ள காட்ரின் சோதனை, கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியத்தின் சிதைவில் வரும் எலக்ட்ரான்களின் ஆற்றல் பரவலை அதன் உச்ச முனையில் ஆராய்கிறது. நியூட்ரினோவுக்கு நிறை இருந்தால் அந்த முனை சற்றே வளைந்து முன்னதாக முடியும். இதுவரை கிடைத்த மேல் வரம்பு 0.45 எலக்ட்ரான் வோல்ட். எலக்ட்ரானின் நிறை 5,11,000 எலக்ட்ரான் வோல்ட் என்பதோடு ஒப்பிட்டால் இது பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மூன்று நிறைகளில் எது பெரியது, எது சிறியது என்ற வரிசையும் தெளிவாகவில்லை. அதற்காகச் சீனாவில் 20,000 டன் ஒளிர்திரவம் கொண்ட ஜூனோ சோதனை 2025-இல் தரவுகளைச் சேகரிக்கத் தொடங்கியிருக்கிறது. அமெரிக்காவின் டியூன் சோதனைக்கான குகைகள், டேவிசின் தொட்டி இருந்த அதே ஹோம்ஸ்டேக் சுரங்கத்தில் குடையப்பட்டிருக்கின்றன. 1,300 கிலோமீட்டர் தொலைவிலிருந்து அங்கே நியூட்ரினோக் கற்றை அனுப்பப்படும்.

எல்லாப் பற்றாக்குறையும் புதிய இயற்பியலைத் தரும் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. 2011-இல், அணு உலைகளிலிருந்து வரும் எதிர் நியூட்ரினோக்கள் கணிப்பைவிடச் சுமார் 6 விழுக்காடு குறைவு என்று தெரியவந்தபோது, வேறு எந்தப் பொருளோடும் வினைபுரியாத நான்காவது வகை ஒன்றாக அவை மாறுகின்றனவோ என்று பலர் எதிர்பார்த்தார்கள். யுரேனியம்-235 பிளவில் எழும் எலக்ட்ரான்களைப் பிற்பாடு மீண்டும் அளந்தபோது, கணிப்பே சற்று மிகையாக இருந்தது என்பது பெரும்பாலும் தெளிவாகிவிட்டது. எதிர்பார்த்தவர்களுக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கலாம். அளவீடு தன் வேலையைச் சரியாகச் செய்தது என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் காலியத்தில் எழுந்த இன்னொரு குறைவு இன்னும் நிற்கிறது. சூரிய நியூட்ரினோ கருவிகளைச் சரிபார்க்க 1990-களில் செயற்கைக் கதிரியக்க மூலங்களை அவற்றுக்குள் வைத்தபோதே எண்ணிக்கை சற்றுக் குறைந்திருந்தது. இதை ஐயத்துக்கு இடமின்றி அறிய, பாக்சானில் பெஸ்ட் என்ற சோதனையை நடத்தி 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். மிக வலிமையான குரோமியம்-51 மூலத்தை நடுவில் வைத்து, அதைச் சுற்றி உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு காலியத் தொட்டிகளை அமைத்திருந்தார்கள். நியூட்ரினோ செல்லும் வழியில் நான்காவது வகையாக மாறுகிறது என்றால், இரண்டு தொட்டிகளிலும் குறைவு வேறுபட வாய்ப்புண்டு. இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவில், ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைந்தது. மூலத்தின் வலிமையையும், ஜெர்மேனியத்தைப் பிரித்தெடுக்கும் திறனையும், ஜெர்மேனியம்-71-இன் அரை ஆயுட்காலத்தையும் மறுபடி மறுபடி சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். குறைவை விளக்கும் அளவுக்குப் பிழை எதுவும் இதுவரை அகப்படவில்லை.